கேட்டாயிற்று, அப்புறம்?
பணியாளர் கருத்து நடவடிக்கையாக மாறும் இடமும் மாறாமல் நிற்கும் இடமும்

இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவை நிறுவனமான என்.எச்.எஸ்., தன் ஊழியர்களிடம் ஆண்டுதோறும் கருத்துக்கணிப்பு நடத்துகிறது. 2023ஆம் ஆண்டுக் கணிப்பில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிலளித்தார்கள். அதில் அடுத்தடுத்து வரும் இரண்டு கேள்விகள் கவனத்துக்குரியவை. 'எனக்குக் கவலை தரும் எதைப் பற்றியும் இங்கே பயமில்லாமல் பேச முடியும்' என்ற கூற்றைச் சுமார் 62 சதவீதத்தினர் ஏற்றார்கள். 'அப்படிப் பேசினால் நிறுவனம் அதைக் கவனித்துச் சரிசெய்யும் என்ற நம்பிக்கை இருக்கிறது' என்பதை ஏற்றவர்களோ சுமார் 50 சதவீதம்தான்.

இந்த இடைவெளியில் நிற்பவர்களுக்கு வாய் திறக்க அச்சமில்லை. திறந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதே அவர்களுடைய கணக்கு. 'சொல்லி என்ன ஆகப்போகிறது?' என்று நம் அலுவலகங்களில் டீ இடைவேளையில் கேட்கிற அதே கேள்விதான் இது. பணியாளர்கள் ஏன் மௌனமாக இருக்கிறார்கள் என்பதை ஆராய்ந்த ஜேம்ஸ் டெடர்ட், ஈதன் பரிஸ் ஆகியோரும், அச்சத்தைவிடப் பயனின்மை உணர்வே அதிகம் பேரின் வாயை அடைக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். மனிதவளத் துறைகளோ தங்கள் உழைப்பின் பெரும்பகுதியை அச்சத்தைப் போக்குவதிலேயே செலவிடுகின்றன. பெயர் வெளியிடாத சர்வே, ரகசியம் காக்கப்படும் என்ற மின்னஞ்சல், 'மனம் திறந்து பேசுங்கள்' என்ற சுவரொட்டி எல்லாம் அந்த வகை. அவை தேவைதான். ஆனால் அவற்றால் கேட்பது மட்டுமே எளிதாகிறது. கேட்டதைச் செய்வதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாட்டில் மூன்று அம்சங்கள் இருக்கின்றன: செய்யும் அதிகாரம் உள்ள ஒருவர், ஒரு கெடு தேதி, சொன்னவருக்குத் திரும்பிச் செல்லும் ஒரு பதில். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கருத்து கிணற்றில் போட்ட கல்தான். இதற்குத் தொழில் வரலாற்றிலேயே சான்றுகள் உண்டு.

ஹாத்தார்னில் நடந்தது

பணியாளரிடம் முறையாகக் காது கொடுக்கும் முயற்சி பெரிய அளவில் நடந்த இடம், சிகாகோ நகரை ஒட்டிய சிசரோவில் இருந்த ஹாத்தார்ன் ஆலை. தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்துக்குச் சொந்தமானது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து உற்பத்தியை அளந்த அதன் சோதனைகள் நிர்வாகவியல் பாடப்புத்தகங்களில் எல்லோருக்கும் தெரிந்தவை. அதே ஆலையில் 1928 முதல் 1930 வரை ஏறக்குறைய 21,000 தொழிலாளர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேச்சுக் கேட்டது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

முதலில் கேள்விப் பட்டியலோடுதான் போனார்கள். உங்கள் மேற்பார்வையாளர் எப்படி, வேலையிடம் எப்படி என்று கேட்டுக் குறித்தார்கள். தொழிலாளர்கள் கேட்ட கேள்விக்கு இரண்டு வரி சொல்லிவிட்டு, தங்கள் மனதில் இருந்த வேறொன்றுக்குத் தாவினார்கள். 1929இல் பட்டியலைக் கீழே வைத்துவிட்டு, தொழிலாளி எதைப் பேசுகிறாரோ அதன் பின்னாலேயே போவது என்று முறையை மாற்றினார்கள். அரை மணி நேரப் பேச்சு ஒன்றரை மணி நேரமாக நீண்டது. கருத்துக்கணிப்பை வடிவமைப்பவர்கள் இன்றைக்கும் படிக்க வேண்டிய பாடம் இது.

குவிந்த குறைகளை ஆய்வாளர்கள் ஃபிரிட்ஸ் ரோத்லிஸ்பெர்கரும் வில்லியம் டிக்சனும் மூன்றாக வகுத்தார்கள். இயந்திரம் பழுது, கதவின் கைப்பிடி உடைந்திருக்கிறது என்பவை முதல் வகை. கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் சரிபார்க்கலாம். அறை வெக்கையாக இருக்கிறது, வேலை அழுக்காக இருக்கிறது என்பவை இரண்டாம் வகை; உடல் உணர்வது ஆளுக்கு ஆள் மாறும். திறமைக்கு மதிப்பில்லை, கூலி குறைவு என்பவை மூன்றாம் வகை. சொன்னவரின் எதிர்பார்ப்பையும் வாழ்நிலையையும் அறியாமல் இவற்றுக்குப் பொருள் கொள்ள முடியாது. தொடக்கத்தில் இந்தக் குறைகளுக்குப் பயன் இருந்தது. வேலையிட வசதி பற்றிய புகார்கள் ஆராயப்பட்டன. பெயர்கள் நீக்கப்பட்ட நேர்காணல்கள் மேற்பார்வையாளர்களின் பயிற்சிக் கூட்டங்களில் விவாதிக்கப்பட்டன.

பிறகு பாதை திரும்பியது. 1939இல் வெளிவந்த அவர்களுடைய நூலில் ஒரு தொழிலாளி வருகிறார். தன் வேலைக்குத் துண்டுக்கூலி குறைவு என்பது அவர் புகார். பேசப் பேச, மனைவியின் மருத்துவமனைச் செலவு அவரை அழுத்திக்கொண்டிருப்பது தெரிகிறது. புகாரின் உள்ளே வேறொரு கவலை இருக்கிறது என்பதற்கு ஆய்வாளர்கள் காட்டிய எடுத்துக்காட்டு அது. கவனிப்பு நுட்பமானதுதான். ஆனால் மருத்துவச் செலவு ஒருவரை வாட்டுகிறது என்பதால் கூலி போதுமானது என்று ஆகிவிடுமா? செலவைத் தாங்க முடியாததே கூலி குறைவு என்பதற்கான சாட்சியாகவும் இருக்கலாமே. குறையை ஆளின் மனதுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டால், கூலி அட்டவணையை யாரும் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

1936இல் இதே வழியில் ஆலைக்குள் ஆலோசகர்கள் அமர்த்தப்பட்டார்கள். அவர்கள் கேட்கலாம், அறிவுரை சொல்லக்கூடாது, எதையும் மாற்றக்கூடாது, கேட்டதை மேலிடத்துக்குச் சொல்லவும் கூடாது. ரகசியம் காக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம் அதில் இருந்தது. 1948 வாக்கில் இப்படி 55 பேர் வேலை பார்த்தார்கள். 1956இல் திட்டம் கைவிடப்பட்டது. இருபது ஆண்டுகள் காது மட்டும் இருந்தது, கை இல்லை. இன்றைய நிறுவனங்களில் சர்வே நடத்தும் எச்.ஆர். குழுவின் நிலை பல நேரங்களில் இதுவே.

ஒரு கருத்தின் பயணம்

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக இரவு ஷிப்ட் நடத்தும் சேவை மையம். ஷிப்ட் ஒன்றரை மணிக்கு முடிகிறது. ஒரு பெண் ஊழியர் ஆண்டு சர்வேயில் 'பணிச்சூழல் எனக்கு வசதியாக இருக்கிறது' என்ற வரிக்கு ஐந்துக்கு இரண்டு போடுகிறார். கீழே கருத்துப் பெட்டியில், 'கேப்பில் நாலு பேர் சேரும்வரை கேட்டிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. சில நாள் முக்கால் மணி நேரம் ஆகிவிடுகிறது' என்று எழுதுகிறார்.

அவர் கொடுத்த இரண்டு, மற்றவர்களின் நான்குகளோடும் ஐந்துகளோடும் சேர்ந்து 3.8 ஆகிறது. போன ஆண்டு 3.7. ஸ்லைடில் பச்சை அம்புக்குறி மேலே பார்க்கிறது. அவர் எழுதிய வரி, மென்பொருள் வகைப்படுத்தலில் 'போக்குவரத்து' என்ற தலைப்பின் கீழ் போய் ஒரு சிறிய சதவீதத்துக்குள் அடங்குகிறது. தலைமை அதிகாரிகள் கூட்டத்தில் 'முதல் மூன்று கவலைகள்' மட்டும் பேசப்படுகின்றன. போக்குவரத்து அதில் இல்லை. இரண்டு மாதம் கழித்து எல்லோருக்கும் நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் வருகிறது. கேட்டில் நிற்பது தொடர்கிறது.

இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை. வண்டி ஒப்பந்தம் நிர்வாகப் பிரிவின் கையில் இருக்கிறது. வண்டிக்காரருக்கு ட்ரிப் கணக்கில் பணம் போவதால், நாலு பேர் ஏறாமல் கிளம்ப வேண்டாம் என்று ஒப்பந்தமே சொல்கிறது. எச்.ஆர். அந்த ஒப்பந்தத்தைப் பார்த்ததே இல்லை. இந்தக் குறைக்கான நடவடிக்கை, 'நாலு பேர் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் பதினைந்து நிமிடத்தில் வண்டி கிளம்ப வேண்டும்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பதுதான். அதற்கு மாதம் எவ்வளவு கூடுதல் செலவு என்று கணக்குப் போட்டு, கையெழுத்திடும் ஒருவரிடம் கொண்டுபோக வேண்டும். பணியிட நலன் பற்றிய பயிலரங்கு நடத்தினாலோ மேலாளர்களுக்குப் பரிவு பற்றி வகுப்பெடுத்தாலோ அந்த வரி மாறாது.

ஆகவே மனிதவளக் குழுவின் முதல் வேலை பிரித்தெடுப்பது. சராசரியைப் பார்ப்பதற்கு முன் எழுதப்பட்ட வரிகளை மனிதக் கண்கள் படிக்க வேண்டும். ஹாத்தார்னின் மூன்று வகை இங்கே கைகொடுக்கும். கேப், கழிவறை, கணினி, சம்பளச் சீட்டில் வந்த பிழை போன்ற முதல் வகைக் குறைகளுக்குக் கூட்டமும் குழுவும் வேண்டியதில்லை; உரிய பிரிவுக்கு அனுப்பி அந்த வாரமே முடிக்கலாம். இரண்டாம் வகைக்கு, குறை எழுந்த இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். 'அப்ரைசலில் வேண்டியவர்களுக்குத்தான் ரேட்டிங்' என்பது போன்ற மூன்றாம் வகைக்குத்தான் நேரமும் பேச்சும் தேவை. அங்கேயும் பேச்சோடு நின்றுவிடக்கூடாது. மதிப்பெண் எந்த விதியில் போடப்படுகிறது, எந்த அணிக்கு எவ்வளவு போனது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்ற கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். புகார் சொன்னவரின் மனநிலையை ஆராய்வதற்கு முன் கூலி அட்டவணையை எடுத்துப் பார்க்கும் ஒழுக்கம் இது.

கயிற்றை இழுத்தால் யார் வருவார்?

ஹாத்தார்னுக்கு நேர் எதிரான ஏற்பாடு கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே நடத்திய கார் ஆலையில் தொழிலாளர்களுக்கும் நிர்வாகத்துக்கும் ஓயாத சண்டை. நாளொன்றுக்கு ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நிலையும் இருந்தது. 1982இல் ஆலை மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து நும்மி என்ற பெயரில் அதையே திறந்தன. எடுக்கப்பட்ட தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழைய ஆலையில் வேலை பார்த்த அதே சங்க உறுப்பினர்கள். ஆட்கள் மாறவில்லை, ஏற்பாடு மாறியது.

உற்பத்தி வரிசை நெடுக ஒரு கயிறு ஓடும். 'அண்டோன்' என்பார்கள். தன் இடத்தில் ஏதாவது கோளாறு என்று தெரிந்தால் தொழிலாளி அதை இழுக்கலாம். ஒலி எழும், பலகையில் விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார். கார் அடுத்த கட்டத்துக்கு நகர்வதற்குள் சரியானால் மறுபடி கயிற்றை இழுத்து எச்சரிக்கையை நிறுத்துவார்கள். சரியாகாவிட்டால் வரிசை நிற்கும். கயிற்றை மட்டும் பார்த்து வியப்பவர்கள் தவறவிடுவது, அதன் மறுமுனையில் இருந்த ஆளை. ஏறக்குறைய அரை டஜன் தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற அளவில் டீம் லீடர்கள் இருந்தார்கள். அழைப்புக்கு ஓடி வருவது அவர்களுடைய முதன்மையான வேலைகளில் ஒன்று. குரல் எழுந்த இடத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவருக்கும் இடையே சில அடி தூரமே இருந்தது.

இதன் பலனை ஆய்வாளர் பால் ஆட்லர் 1993இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதினார். யோசனைத் திட்டத்தில் கலந்துகொண்ட தொழிலாளர்கள் 1986இல் 26 சதவீதம். 1991இல் 92 சதவீதம். அந்த ஓராண்டில் வந்த யோசனைகள் 10,000க்கு மேல். அவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் நடைமுறைக்கு வந்தன. பங்கேற்பு ஒரே நாளில் உயரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முன்பு சொன்னது நடந்தது என்று பார்த்தவர்தான் அடுத்ததைச் சொல்கிறார். சர்வேக்குப் பதிலளிப்போர் குறைந்துகொண்டே போவதற்கு 'சர்வே சலிப்பு' என்று காரணம் சொல்லி, பரிசுக் குலுக்கல் வைக்கும் நிறுவனங்கள் இந்த எண்களை எண்ணிப் பார்க்கலாம்.

திண்டுக்கல் கற்றுத்தந்தது

அதிகாரமும் கெடுவும் இல்லாத குறைதீர்ப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே கொடிய சான்று இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல்ஸ் ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் தொழிலாளி ஒருவர் கொலை செய்யப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் மீது வழக்குப் பதிவானது. அந்த ஆலையில் பாலியல் துன்புறுத்தல் நடப்பதாக மற்றத் தொழிலாளர்களும் வெளியே பேசினார்கள்.

2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. தலித் பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன், ஆலையின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், ஆசிய அடிப்படைக் கூலிக் கூட்டணி, குளோபல் லேபர் ஜஸ்டிஸ் ஆகியவற்றோடு ஆடை வாங்கும் எச் அண்டு எம் நிறுவனமும் இதில் பங்கேற்றது. பின்னர் கேப், பி.வி.எச். ஆகிய ஆடை நிறுவனங்களும் சேர்ந்தன. தொழிலாளர்களிலிருந்தே சிலருக்குப் பயிற்சி கொடுத்துத் தளக் கண்காணிப்பாளர்கள் ஆக்கினார்கள். தையல் வரிசையில் பக்கத்து இயந்திரத்தில் இருப்பவரிடமே குறையைச் சொல்லலாம். அவர் அதை எடுத்துப் போய் நிர்வாகத்தோடு பேசுவார். நிர்வாகம் ஒப்பந்தத்தை மீறினால் வாங்குபவரின் ஆர்டர் பாதிக்கப்படும் என்பதும் எழுத்தில் இருந்தது. முதல் ஆண்டு அறிக்கையின்படி, எழுந்த குறைகளில் மிகப் பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன. அவற்றிலும் பெரும்பகுதி ஒரு வாரத்துக்குள்.

ஒரு வாரம் என்பது சாத்தியமாகும்போது, ஆண்டு சர்வே முடிவுகளை அலசவே மூன்று மாதம் எடுக்கும் அலுவலகங்கள் தங்கள் வேகத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. திண்டுக்கல்லில் குறை விரைவாகத் தீர்ந்ததற்குக் காரணம், அதைத் தள்ளிப்போட்டால் விலை கொடுக்க வேண்டியவர் யார் என்பது முன்பே முடிவாகியிருந்ததுதான்.

நம் சட்டங்களும் இதே திசையில்தான் போகின்றன. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடங்களில் உள்ளகக் குழு வேண்டும், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், பரிந்துரை மீது நிர்வாகம் 60 நாளில் செயல்பட வேண்டும் என்று அது விதிக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களில் குறைதீர்ப்புக் குழுவைக் கட்டாயமாக்குகிறது. இரு தரப்புக்கும் சம எண்ணிக்கை, பெண்களுக்குப் போதிய இடம், 30 நாள் கெடு. காகிதத்தில் மட்டும் இருக்கும் குழுக்கள் ஏராளம் என்பதை எல்லோரும் அறிவார்கள். ஆனாலும் பிரச்சினையின் முடிச்சு எங்கே இருக்கிறது என்பதைச் சட்டம் சரியாகப் பிடித்திருக்கிறது: யார், எத்தனை நாளில், யாருக்குப் பதில்.

மனிதவளக் குழு செய்யக்கூடியது

கேட்பதற்கு முன்பே ஆள் குறிக்க வேண்டும். சர்வேயில் சம்பளம் பற்றி ஒரு கேள்வி இருந்தால், அதற்கு வரும் பதிலைக் கையில் எடுக்கப்போகும் நிதித் தலைவரின் ஒப்புதல் கேள்வி அச்சாகும் முன்பே வேண்டும். மாற்ற முடியாத, மாற்ற விரும்பாத எதையும் பற்றிக் கேட்கக்கூடாது. நாற்பது கேள்விகள் பன்னிரண்டாகக் குறைந்தாலும் நட்டமில்லை. சிறு தொகையாக இருந்தாலும் முதல் வகைக் குறைகளைத் தீர்க்க எச்.ஆர். குழுவிடமே ஒரு நிதி ஒதுக்கீடு இருப்பது நல்லது. ஒவ்வொரு கைப்பிடிக்கும் மேலிட ஒப்புதல் தேடி அலைய வேண்டியிராது.

அடுத்தது மேலாளர். அணி முடிவுகள் முதலில் அவர் கைக்குத்தான் போகின்றன. 'இதை யார் எழுதியது?' என்று அவர் தேட ஆரம்பித்தால் எல்லாம் முடிந்தது. ஐந்து பேருக்குக் குறைந்த குழுவின் முடிவைத் தனியாகக் காட்டுவதில்லை என்ற வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. அது மட்டும் போதாது. எழுதும் நடையிலிருந்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். எட்டுப் பேர் அணியில் ஒரே ஒரு பெண் இருந்தால் பெயர் தேவையே இல்லை. எழுத்துக் கருத்துகளை அப்படியே அனுப்பாமல் சாரத்தை மட்டும் மேலாளருக்குக் கொடுப்பது பாதுகாப்பானது. அந்தச் சாரத்தை வைத்து அவர் தன் அணியோடு உட்கார்ந்து, நம் கையில் உள்ளது எது, மேலே கொண்டுபோக வேண்டியது எது என்று பிரித்துப் பேசட்டும். ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொண்டு தேதி போட்டு முடித்தால் போதும். இருபது அம்சச் செயல்திட்டம் எந்த அணியிலும் நிறைவேறுவதில்லை.

மறுப்பும் ஒரு பதில்தான். 'வாரம் முழுவதும் வீட்டிலிருந்து வேலை என்பது இந்த வாடிக்கையாளரின் தகவல் பாதுகாப்பு நிபந்தனைப்படி முடியாது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது மறுபடி கேட்போம்' என்று காரணத்தோடு சொன்னால், ஊழியர் ஏற்காவிட்டாலும் தன் குரல் எங்கே போய் நின்றது என்பது அவருக்குத் தெரியும். 'பரிசீலனையில் உள்ளது' என்ற வாக்கியம் நிறுவனத்துக்கு வசதியானது. நம்பிக்கையை அரிப்பதும் அதுவே.

அளவுகோலையும் மாற்ற வேண்டும். பதிலளித்தோர் எத்தனை சதவீதம் என்பதைவிட, முதல் பதில் எத்தனை நாளில் போனது, எத்தனை குறைக்குப் பொறுப்பாளர் பெயர் இருக்கிறது, போன ஆண்டுக் குறை இந்த ஆண்டும் வந்திருக்கிறதா என்பவை உண்மையைச் சொல்லும். இங்கேயும் ஒரு பொறி உண்டு. தீர்த்த எண்ணிக்கையை வைத்து மதிப்பெண் போட்டால், தீராததையும் 'தீர்ந்தது' என்று குறித்து மூடிவிடுவார்கள். மூடும் உரிமை குறை சொன்னவரிடமே இருக்க வேண்டும். பெயரில்லாமல் வந்த குறையானால் அந்த அணியே ஒப்புதல் தரட்டும். என்.எச்.எஸ். கேட்பது போல, பேசப் பயமில்லையா, பேசினால் நடக்குமா என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறதா என்று பார்க்கலாம்.

எல்லை எங்கே?

இவ்வளவு செய்தாலும் மனிதவளத் துறையால் தாண்ட முடியாத கோடு ஒன்று இருக்கிறது. அதுவும் அதே நிறுவனத்தின் சம்பளத்தில் இயங்குவது, நடுவர் அல்ல. கூலி, ஆட்குறைப்பு, வேலைநேரம் போன்றவை கருத்துச் சொல்லும் விஷயங்கள் அல்ல, பேரம் பேசும் விஷயங்கள். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தில் இந்தக் கோடு தெளிவாகத் தெரிந்தது. நிறுவனம் ஒரு தொழிலாளர் குழுவோடு உடன்பாடு கண்டதாக அறிவித்தும் போராட்டம் நிற்கவில்லை. தாங்கள் அமைத்த சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதே போராடியவர்களின் முதன்மைக் கோரிக்கை. யார் நம் சார்பில் பேசுவது என்ற கேள்விக்குச் சர்வேயில் பதில் கிடைக்காது. கருத்துக்கணிப்பைச் சங்கத்துக்கு மாற்றாக வைக்கும் நிறுவனத்தில், கருத்துக்கணிப்பும் நம்பிக்கை இழக்கும்.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதியபடி, ஓர் அமைப்பில் அதிருப்தி கொண்டவருக்கு இரண்டு வழிகள்: குரல் கொடுப்பது, இல்லையேல் வெளியேறுவது. மூன்றாவதாக, உள்ளேயே இருந்துகொண்டு வாய்மூடி, கடமைக்கு வேலை பார்ப்பவர்களையும் இன்றைய அலுவலகங்கள் அறியும். இவர்கள் ராஜினாமா கணக்கில் வரமாட்டார்கள். சர்வேயில் எல்லா வரிக்கும் நான்கு போட்டுவிட்டு எழுந்து போவார்கள். பச்சை அம்புக்குறிக்கு இவர்களும் பங்களிக்கிறார்கள்.

ஆகவே அடுத்த சர்வேக்கான கோப்பு மேசைக்கு வரும்போது, எச்.ஆர். தலைவர் கேள்வித்தாளுக்கு முன் வேறொரு தாளைக் கேட்கலாம். போன முறை வந்த குறைகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளர் பெயர், தேதி, சொன்னவர்களுக்குப் போன பதில். அந்தத் தாள் நிரம்பியிருந்தால் புதிய சர்வேயைத் தாராளமாக அனுப்பலாம். பாதிக்கு மேல் காலியாக இருந்தால் சர்வேயைத் தள்ளிவைத்து, அந்தச் செலவையும் உழைப்பையும் காலிக் கட்டங்களை நிரப்பப் பயன்படுத்துவதே நேர்மை. ஊழியர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். பேச வேண்டிய முறை இப்போது நிறுவனத்துடையது.